பூலோகம் எடுத்த தனி ரூம்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் பூலோகம் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. கோலி பூலோகம் என்று கேட்க வேண்டும். ஒற்றை அறை வீட்டுக்குப் பம்பாயில் கோலி என்று பெயர். அந்தக் கோலிகளை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்துத் தரகு வாங்குவதுதான் மீசை முளைத்த நாளிலிருந்து அவருக்குத் தொழில். ஆபீஸ் என்று ஒன்றும் கிடையாது. நாகூர் கனியின் மொபைல் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சட்டைப் பையில் இரண்டு போன், அவ்வளவுதான்.

நாற்காலி இன்றும் அங்கேதான் கிடக்கிறது. அவரும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கோலி கேட்டு இப்போது யாரும் அவரிடம் வருவதில்லை. தெரியாமல் ஒருவர் வந்துவிட்டாலும் வேறு ஆளைக் கைகாட்டிவிட்டு ரோட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அவர் மனைவி செண்பகவல்லி பிழைத்திருக்க வேண்டியவள். அதற்கு ஒரே ஒரு கேள்விக்கு யாராவது ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் போதும். மொத்தம் எவ்வளவு ஆகும்? இந்த ஊரில் மீன்காரியிடம் கேட்டால் இதற்குப் பதில் வரும். பந்தல்காரரிடம் கேட்டால் வரும். பிணம் எரிக்கிற இடத்தில் கேட்டால்கூட வரும். உயிரைக் காப்பாற்றுகிற இடத்தில் கேட்டுப் பாருங்கள், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

பூலோகத்தின் வியாபார முறை ரொம்ப எளிது. வீட்டுக்காரர் டெபாசிட் ஒரு லட்சம் என்பார். இவர் குடிவர வந்தவரிடம் ஒன்றரை என்பார். வந்தவர் வாயைப் பிளப்பார். அப்படியென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அவரும் போவதுபோல நாலு எட்டு வைப்பார். பிறகு இரண்டு பேரும் திரும்பி வந்து அரை கிளாஸ் கட்டிங் டீ குடிக்கும்போது ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் முடியும். எல்லாருக்கும் சந்தோஷம். எந்த விலையும் மேலேயிருந்து கீழே இறங்கத்தான் செய்யும் என்பதை அவர் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, மூச்சு விடுவதுபோல அது தெரியும். மாட்டுங்காவில் வாழையிலை வாங்கினாலும் சரி, மகள் கீதாவின் கல்யாணத்துக்குச் செம்பூரில் மண்டபம் பிடித்தாலும் சரி, கேட்ட விலையைக் கொடுத்து அவர் எதையும் வாங்கியதில்லை. கடைசியில் அந்த மண்டபத்து மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அந்த மேனேஜர் காலில் விழுகிற அளவுக்கு வந்துவிட்டார்.

செண்பகவல்லிக்கு இந்தச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது. பக்கத்துப் பட்டறையிலிருந்து தைத்த ஜீன்ஸ் பேண்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். அதில் தொங்குகிற நூலையெல்லாம் நறுக்கிக் கொடுப்பது அவள் வேலை. அடுத்த கோலி அக்தர் பானுவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து நறுக்குவார்கள். பேசுவதெல்லாம் பானுதான், இவள் ம் கொட்டுவாள். வீட்டுச் செலவுக்கு அவள் புருஷனிடம் கை நீட்டியதில்லை. புருஷனும் எந்தக் காரியத்துக்கு என்ன ஆயிற்று என்று அவளிடம் சொன்னதில்லை. உனக்கெதுக்கு அந்தத் தலைவேதனை என்பார். அன்பாகத்தான் சொல்வார், அதுதான் கொடுமை.

அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பித்தப்பையில் கல். சந்து முனை டாக்டர், எடுத்துவிடுவதுதான் நல்லது என்று சொல்லி, செம்பூரில் ஒரு நர்சிங் ஹோம் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சயானில் இருக்கிற பெரிய முனிசிபல் ஆஸ்பத்திரிக்குப் போகலாமே, நடந்துபோகிற தூரம்தானே என்றாள் பானு. அவள் நாத்தனாருக்கு அங்கேதான் இதே ஆபரேஷன் நடந்தது. பூலோகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே கூட்டம், தரையில் படுக்கப் போட்டுவிடுவார்கள் என்றார்.

அது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது மாப்பிள்ளை நாகராஜ். வாஷியில் கம்பெனி வேலை, முலுண்டில் லிஃப்ட் வைத்த கட்டிடத்தில் ஃபிளாட். அவர் மாமியாரைப் பார்க்க வரும்போது மாமியார் தரையில் கிடக்கக் கூடாது. நம் ஊர்க்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வருவார்கள். வந்ததும் முதலில் பார்ப்பது நோயாளியை அல்ல, ரூமை. ஏசி இருக்கிறதா, டிவி இருக்கிறதா, கக்கூஸ் உள்ளேயா வெளியேயா என்று கண்ணாலேயே அளந்து முடித்த பிறகுதான், எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள். ஊருக்கெல்லாம் ரூம் பிடித்துக் கொடுத்த மனிதர் பெண்டாட்டிக்கு என்ன ரூம் பிடித்தார் என்று அவர்கள் பார்க்காமல் விடுவார்களா?

செம்பூர் நர்சிங் ஹோமில் விலைப் பலகை இருக்கத்தான் செய்தது. மாட்ட வேண்டும் என்று சட்டம், மாட்டியிருந்தார்கள். தண்ணீர் வடிகட்டுகிற பெரிய இயந்திரத்துக்குப் பின்னால், பாதி தெரிகிற மாதிரி. இங்கிலீஷில் ஆபரேஷன்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பெயருக்கு நேரே விலை இருக்க வேண்டிய இடத்தில், ரூம் வகுப்பைப் பொறுத்தது, கவுண்டரில் விசாரிக்கவும் என்று மேலிருந்து கீழ்வரை ஒரே வாசகம். பூலோகம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தாலும் அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது.

கவுண்டரில் ரஞ்சனா என்ற பெண் இருந்தாள். தேன் ஒழுகுகிற குரல். எவ்வளவு ஆகும் என்று இவர் இந்தியில் கேட்டதற்கு, சுமாராக அறுபதாயிரம், பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள். அறுபது என்றால் நாற்பத்தைந்து என்று பூலோகத்தின் மனசு கணக்குப் போட்டுவிட்டது. ரொம்ப அதிகம், வேறு இடம் பார்க்கிறோம் என்று செண்பகவல்லியைக் கையைப் பிடித்து எழுப்பினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனுஷி நிஜமாகவே போகிறோம் என்று நினைத்துச் செருப்பைத் தேடினாள். வாசலை எட்டுவதற்குள் ரஞ்சனா கூப்பிட்டாள். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, ஐந்து குறைத்துக்கொள்ளலாம் அங்கிள் என்றாள்.

பூலோகத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது. அங்கிருந்தே நாகூர் கனிக்குப் போன் போட்டார்.

"கனி பாய், ஆஸ்பத்திரிக்காரன்கிட்டயே அஞ்சு கொறச்சிட்டேன்லா. இதுவரைக்கும் எவனாது கொறச்சிருக்கானா?"

அவ்வளவு சீக்கிரம் இறங்குகிறவர் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்பது அவர் தொழிலில் அரிச்சுவடி. குடிவருகிறவர் அப்படி இறங்கினால் இவர் உஷாராகிவிடுவார். அன்றைக்கு அந்த அறிவு எங்கே போயிற்றோ தெரியவில்லை. எந்த ரூம் வேண்டும், பொது வார்டா, இருவர் ரூமா, தனி ரூமா என்று ரஞ்சனா கேட்டாள். மிச்சம் பிடித்த ஐயாயிரம் இவர் நெஞ்சுக்குள் குறுகுறுத்தது. தனி ரூம் என்றார், தாராளமாக. வாடகை மட்டும் தினத்துக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார். அது கட்டுப்படியாகிற தொகைதான். ரூமுக்கு உண்டானது ரூம் வாடகை, ஆபரேஷனுக்கு உண்டானது ஆபரேஷன் கூலி. கோலி பிடித்தே காலத்தை ஓட்டிய மனிதருக்கு வேறு என்ன தோன்றும்? பத்துக்குப் பத்து கோலியில் குடியிருந்தாலும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் குடியிருந்தாலும் பால்காரர் பாலுக்கு ஒரே விலைதானே வாங்குகிறார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளை வந்து ரூமைப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு மாமா என்றார். ஊர்க்காரர்கள் ஏசி காற்றில் உட்கார்ந்து ஆப்பிளை அவர்களே நறுக்கித் தின்றுவிட்டுப் போனார்கள். பூலோகம் கட்டிலின் கால்மாட்டில் கல்யாண மாப்பிள்ளை முறுக்கோடு நின்றுகொண்டிருந்தார். செண்பகவல்லிக்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் கேட்டாள்.

கிளம்புகிற அன்று பில் வந்தது. ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. பூலோகம் வேறு யாருடைய பில்லோ மாறி வந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்தபடியே கவுண்டருக்குப் போனார். ரஞ்சனா பொறுமையாக விளக்கினாள். அறுபது என்று சொன்னது பொது வார்டுக்கு. தனி ரூம் எடுத்தால் ஆபரேஷன் கட்டணம் அந்த வகுப்புக்கு. மயக்க மருந்து டாக்டரும் அந்த வகுப்பு, டாக்டர் எட்டிப் பார்ப்பதும் அந்த வகுப்பு, நர்ஸ் ஊசி போடுவதும் அந்த வகுப்பு. மருந்துக் கடை பில் தனி.

"டாக்டர் அதே டாக்டர்தானே?" என்று கேட்டார் பூலோகம்.

"அதே டாக்டர்தான்."

"கத்தி?"

"ரூம் மாறினா எல்லாம் மாறும் அங்கிள். முறையே அப்படித்தான்."

இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் கேட்கவில்லையே என்றாள். அவள்மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? கூலிக்கு உட்கார்ந்திருக்கிற பெண். அவளை அப்படிச் சொல்லப் பழக்கியவர்கள் யாரும் கவுண்டர் பக்கம் வருவதில்லை. இவர் எழுந்து போவதுபோலப் போய்ப் பார்த்தார். இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை. பெண்டாட்டி மாடியில் இருக்கும்போது இவர் எங்கே போய்விடப் போகிறார்?

பணம் கட்டினால்தான் அனுப்புவோம் என்றார்கள். செண்பகவல்லி காலையிலேயே சேலை மாற்றி, பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானமாயிற்று, பொழுது சாயப் போயிற்று. தரை துடைக்க வந்த ஆயாதான், இத்தனை கட்டினால்தான் உன்னை விடுவார்கள், இன்னும் நேரமானால் இன்னொரு நாள் வாடகையும் ஏறும் என்று தொகையைச் சொன்னாள். தன் வயிற்றைக் கிழித்ததற்கு என்ன விலை என்று அவளுக்கு முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான். துடைப்பம் பிடித்தவள் வாயிலிருந்து தெரிந்தது. டாக்டர் சொல்லவில்லை, கவுண்டர் சொல்லவில்லை, கட்டின புருஷன் சொல்லவில்லை.

பூலோகத்திடம் சேர்த்து வைத்தது கொஞ்சம் இருந்தது. மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, வறட்டு கௌரவம். அவர் கையில் வேறொருவர் பணம் இருந்தது. தென்காசிப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்த பூதத்தான் என்பவர், வீட்டுக்காரரிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்திருந்த டெபாசிட். அதை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். இரண்டு நாளில் புரட்டிவிடலாம் என்று நினைத்தார். இரண்டு நாளில் அந்தக் கோலி வேறு ஆளுக்குப் போய்விட்டது. பூதத்தான் பெட்டி படுக்கையோடு நாகூர் கனியின் கடை முன்னால் நின்று கத்தினார். அவர் கத்தியதில் ஒரு தப்பும் இல்லை. பணத்தைப் பிறகு கடன் வாங்கிப் பைசா பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார் பூலோகம். ஆனால் ஒரு தரகனுக்கு இருக்கிற ஒரே கைமுதல் அவன் பெயர்தான். அது அன்றைக்குத் தெருவில் சிந்திவிட்டது.

அந்தக் கடனில் பாதிக்கு மேல் அடைத்தது செண்பகவல்லியின் கத்திரிக்கோல். ஒரு மூட்டை வாங்கிய இடத்தில் இரண்டு மூட்டை வாங்கினாள். புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் இதை அவளுடைய நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

அடுத்து வருவது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. அக்தர் பானு அழுதுகொண்டே சொன்னது.

அடுத்த மழைக்காலத்தில் செண்பகவல்லியின் இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. பானுவிடம் மட்டும் காட்டினாள். புருஷனிடமோ மகளிடமோ மூச்சு விட்டால் உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். வைத்தியம் பார்க்கக் கூடாது என்பதல்ல அவள் எண்ணம். என்ன ஆகும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு நூல் நறுக்கிச் சேர்த்துக்கொண்டு, அப்புறம் போய்க் காட்ட வேண்டும். நியாயமான யோசனை. ஒரு கிரைண்டர் வாங்குவதென்றாலும் அப்படித்தானே வாங்குகிறோம்.

இரண்டு பேருமாகச் சயானில் ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டாள் செண்பகவல்லி. முதலில் டாக்டர் ஃபீஸ் கட்டுங்கள், அவர் டெஸ்ட் எழுதுவார், டெஸ்ட் வந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். டெஸ்ட்டுக்கு எவ்வளவு? அது எந்த டெஸ்ட் என்பதைப் பொறுத்தது. ஒரு உத்தேசமாகவாவது? உத்தேசமெல்லாம் சொல்வதில்லை. மாட்டுங்காவில் இன்னொரு இடம். அங்கேயும் இதே பாட்டு, இன்னும் கொஞ்சம் நல்ல நாற்காலியில் உட்கார வைத்துப் பாடினார்கள். கட்டி புளியங்கொட்டையிலிருந்து நெல்லிக்காயாயிற்று.

கடைசியில் பானு அவளை இழுத்துக்கொண்டு முனிசிபல் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். சீட்டு எழுதுகிற ஜன்னலில் பத்து ரூபாய் கேட்டார்கள். வேறு என்ன ஆகும் என்று இவள் கேட்டதற்கு, இப்போதைக்குப் பத்து ரூபாய்தான், உள்ளே போங்கள் என்றார் ஜன்னலில் இருந்தவர். செண்பகவல்லி எடுத்த பத்து ரூபாயை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். வரிசையை விட்டு விலகி வாசலுக்கு வந்து பானுவின் கையை உதறினாள்.

"அறுவதுன்னு சொல்லி ஒன்னே முக்கால்ல கொண்டுபோயி நிறுத்துனாவ, பானு. இவுக பத்து ரூவாயில ஆரம்பிக்காவ. எங்க கொண்டுபோயி நிறுத்துவாவளோ. என்னால இனி நறுக்க முடியாது."

பானு என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். இது கவர்மெண்ட் மாதிரி, அது பிரைவேட், இங்கே அப்படி ஏமாற்ற மாட்டார்கள் என்றெல்லாம். சூடு பட்டவளுக்கு அந்த வித்தியாசம் ஏறவில்லை. குறைந்த விலை சொன்னவர்கள்தானே அவளைக் கட்டிலில் பிடித்து உட்கார வைத்தது. இரண்டு பேரும் வந்த வழியே நடந்து வீடு திரும்பி, ஆளுக்கொரு பேண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு பொங்கல் போய் அடுத்த பொங்கலுக்கு வந்த கீதாதான் கண்டுபிடித்தாள். அம்மாவுக்கு இடது கையைத் தூக்க முடியவில்லை, ஜாக்கெட்டில் ஈரம் ஊறியிருந்தது. பாத்ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தவள் போட்ட சத்தத்தில் பூலோகம் எழுந்து ஓடி வந்தார். முனிசிபல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இளவயதுப் பெண் டாக்டர் ஒருத்தி பார்த்தாள். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டாள். ஒன்றரை வருஷம் என்றாள் செண்பகவல்லி. டாக்டர் பூலோகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பெண்டாட்டியைக் கொன்றவனைப் பார்க்கிற பார்வை. அவருக்கு அந்த ஒன்றரை வருஷமே அப்போதுதான் தெரியும் என்று அவளிடம் யார் சொல்வது?

இதற்கு மொத்தம் எவ்வளவு ஆகும், முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்று அந்த நிலைமையிலும் செண்பகவல்லி இந்தியில் கேட்டாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இங்கேயே ஆபரேஷன் பண்ணியிருக்கலாம் அம்மா, பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்றாள். இப்போது வலிக்கு மருந்து கொடுக்கலாம் என்று பூலோகத்தைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் பெண்டாட்டியைக் கேட்டார்.

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?"

"சொன்னா நீங்க நல்ல ரூமா பாப்பியளே" என்றாள் அவள்.

கோபத்தில் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். திட்டியிருந்தால் பூலோகம் தாங்கியிருப்பார்.

பொது வார்டில், ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. தரையில் யாரும் போடவில்லை. பூலோகம் கட்டிலுக்கடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் கொஞ்சப் பேர் வந்தார்கள், வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்துக்கொண்டு போனார்கள். அவர் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. நாகூர் கனி தினமும் வந்து கடையடைக்கிற நேரம் வரை கூட இருந்தார். வெயில் காலம் முடிவதற்குள் செண்பகவல்லி போய்விட்டாள்.

உடலை வாங்க வேண்டுமென்றால் கவுண்டரில் பாக்கி கட்டி ரசீது வாங்கி வாருங்கள் என்றார்கள். கனி போகிறேன் என்றதற்கு, வேண்டாம், நானே போகிறேன் என்று பூலோகம் எழுந்தார். வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் கேஷவ் என்ற குமாஸ்தா கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொகையைச் சொன்னார். சில நூறு ரூபாய். பூலோகம் பணத்தை நீட்டாமல், இது மொத்தமா என்று கேட்டார். மொத்தம்தான். வேறு ஒன்றும் இல்லையா? இல்லை. இந்த விலை இப்போது வந்ததா, முன்பும் இதுதானா? குமாஸ்தா அவர் முகத்தைப் பார்த்தார். முகத்தில் என்ன இருந்ததோ, அதட்ட வந்தவர் அதட்டாமல் பதில் சொன்னார்.

"எப்பவுமே இவ்வளவுதான், பெரியவரே."

பூலோகம் பணத்தை எண்ணி வைத்தார். ரசீதை வாங்கிக்கொண்ட பிறகும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பின்னால் நின்றவர் தோளைத் தொட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.